கொல்கத்தாவுக்கு இரண்டேகால் மணி நேரம்

ஆசிரமத்து வேப்பமரத்துக்கு மேலே ஒரு விமானம் இரைந்துகொண்டு போயிற்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்த செம்மலை அண்ணாந்து பார்த்தார்.

"எங்கே போகுதுங்க ஐயா?" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த குரு பூங்கோதை அம்மாள். குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது.

"கொல்கத்தாவா இருக்கும்மா."

எது பறந்தாலும் அவருக்கு அது கொல்கத்தா விமானம்தான். அவருடைய ஒரே மகள் யாழினி அங்கே இருக்கிறாள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டவளை, "இனி என் வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லித் தலைமுழுகியவர் இவர். இப்போது அவளுக்கு ஒரு பெண் குழந்தை. தாத்தா வந்துதான் பெயர் வைக்க வேண்டும் என்று போன மாதம் ஆசிரமத்துக்குப் போன் செய்திருந்தாள். போனை எடுத்த சமையல்காரி காசியம்மா அழுதே விட்டாள். செம்மலையோ நல்ல நாள் பார்க்கப் போய்விட்டார்.

நாள் கிடைத்தது. அன்றைக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அதனால் என்ன, பரஸ்தானம் இருக்கிறதே! நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் ஆளும் கிளம்பிய கணக்கு. காசியம்மாவின் அறைக்குப் பெட்டி கிளம்பிப் போனது. ஆள் கிளம்பவில்லை. அவளும் எத்தனை நாள்தான் பார்ப்பாள்? பெட்டிமேல் பூசணிக்காயை ஏற்றி வைத்துவிட்டாள்.

"கொல்கத்தா எவ்வளவு தூரங்க?"

"ஆயிரத்து முன்னூறு கிலோமீட்டருக்கு மேலே. விமானத்துல ரெண்டேகால் மணி நேரம்." செம்மலையின் குரல் இறங்கியது. "அதை என்னால கடக்க முடியலையேம்மா. ஏன்?"

அம்மாள் ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார். "வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னீங்களே, அந்தச் சொல்லு போய்ச் சேர எவ்வளவு நேரமாச்சு?"

"போன்ல சொன்னேன். சொன்னவுடனே போய்ச் சேர்ந்துடுச்சு."

"நல்ல நேரம் பார்த்தா சொன்னீங்க?"

செம்மலைக்கு முகம் செத்துப்போயிற்று. "பயமா இருக்கும்மா. அவ வாசப்படியை நான் எந்த முகத்தோட மிதிக்கிறது?"

அம்மாள் எழுந்து உள்ளே போனார். பெட்டியைத்தான் தூக்கி வரப்போகிறார் என்று செம்மலை நினைத்தார். வந்தது ஆசிரமத்துப் போன். யாழினியின் எண்ணை அழுத்தி அவர் கையில் கொடுத்தார்.

"ஐயோ, இப்ப ராகுகாலம்மா!"

"ஆமாங்க" என்றார் அம்மாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"ஹலோ?"

பின்னால் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"யாழினி... அப்பாம்மா. அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா."

அந்தப் பக்கம் குழந்தையின் சத்தம் போனுக்குப் பக்கத்தில் வந்தது.

"இவளை இன்னும் பாப்பான்னுதான்பா கூப்பிடுறோம்" என்றாள் யாழினி. "எப்பப்பா வர்றீங்க?"

அவள் எதிரே நிற்பதுபோல் செம்மலை தலையைத் தலையை ஆட்டினார். பிறகுதான் பேச்சு வந்தது. "வந்துடறேன்மா."

போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் ஒரு கீரை இலை ஒட்டிக்கொண்டது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த காசியம்மா தன் அறைக்குப் போய்ப் பெட்டிமேலிருந்த பூசணிக்காயை இறக்கினாள்.

"அம்மா, தூரத்தை நான்தான் சொன்னேன், ஆனாலும் இப்ப உங்களைக் கேக்கணும்போல இருக்கு. கொல்கத்தா எவ்வளவு தூரம்?"

"இனிமேல்தாங்க ஐயா," என்றார் அம்மாள், "ரெண்டேகால் மணி நேரம்."