சுக்குக்காப்பி என்றொரு கிளை முகவரி

தேரிக்காட்டுப் பெண்கள் கருப்பட்டி விற்க ‘தேரிக்கருப்பட்டி டாட் இன்’ என்ற இணையதளம் தொடங்கினார்கள். அதைக் கவனித்துக்கொண்டவள் செல்வக்கனி. ஆர்டர்கள் குவிந்ததும் மொத்த வியாபாரி பொன்னையா, அந்தத் தளம் தன்னுடையது என்று வியாபாரிகள் சங்கத்தில் வழக்கு வைத்தார். அது கைமாறினால் பெண்கள் மறுபடியும் அவர் சொல்லும் விலைக்கே விற்க வேண்டும்.

“உன்னோடதுன்னா இங்கயே நிரூபி” என்றார் சங்கத் தலைவர், செல்வக்கனியிடம்.

செல்வக்கனி தலைவரிடம் பணிவாகச் சொன்னாள்: “பொன்னையா ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும், அண்ணாச்சி. முகவரிக்குச் சொந்தக்காரர்தான் அதுக்கு முன்னால இன்னொரு பேரைச் சேர்த்துக் கிளை முகவரி திறக்க முடியும். நீங்களே ஒரு பேர் சொல்லுங்க, அவர் திறக்கட்டும்.”

தலைவர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். “சுக்குக்காப்பி!”

பொன்னையா கைபேசியைச் சட்டைப்பைக்குள் தள்ளினார். “அதுக்குப் பெரிய இன்ஜினியர் வரணும். ஒரு வாரமாவது ஆகும்.”

“அதுவரைக்கும் அண்ணாச்சி காத்திருக்கணுமா?” என்றபடி செல்வக்கனி தன் கைபேசியில், தளத்தின் முகவரிகளைப் பதிவுசெய்யும் டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்தாள். ‘சுக்குக்காப்பி’ என்ற பெயர் தங்கள் சர்வருக்குப் போகும்படி ஒரு பதிவைச் சேர்த்தாள். தலைவர் அந்த முகவரியைத் தட்டியதும் கருப்பட்டிக் கடை திறந்தது.

“உங்களோடதுன்னா இப்ப இதை அழிச்சுக் காட்டுங்க, பொன்னையா” என்றார் தலைவர்.

பொன்னையா கார் சாவியைத் தேடத் தொடங்கினார். தலைவர் தன் வீட்டுக்குக் கருப்பட்டி ஆர்டர் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.