வெள்ளத்தில் மூழ்கிய காரும் ஆறு மணி நேரமும்

திருவேங்கடம் நூற்பாலையில் முப்பது வருடம் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் பேச்சையும் காதில் வாங்காத ஆள். கோவையில் பழைய கார்களைப் பிரித்து விற்கும் குணவதியிடம் மட்டும் கைகட்டி நின்றார். அவளுக்கு முப்பத்தொரு வயது, இவர் மகளைவிடச் சின்னவள். இருந்தால் என்ன, குரு குருதான்.

வருடத்துக்கு ஒரு பந்தயம். காயலான்கடைக் காரைத் தேற்றி ஆறு மணி நேரம் ஓட்ட வேண்டும். இருவர் மாறி மாறி ஓட்டலாம். திருவேங்கடம் தானே தேற்றிய கார்கள் போன இரண்டு வருடமும் பாதியில் புகைந்து நின்றன. இந்த முறையும் நின்றால் ஹெல்மெட்டில் மண்ணைப் போட்டுப் புதினா நடுவேன் என்று மனைவி சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

குணவதி எடுத்துக்கொடுத்தது வெள்ளத்தில் மூழ்கி எழுந்த ஒரு கார். பின்சீட்டில் புல் முளைத்திருந்தது.

"அம்மணி, இது நிக்காம ஓட என்ன வேணும்?"

"மொதல்ல புல்லைப் பிடுங்குங்க சார்."

பிடுங்கினார். பிறகு ஓட்டுகிறவர் சீட்டைத் தவிர மற்ற சீட்டு, கண்ணாடி, கதவு அட்டை எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார். எடை குறைந்தால் வேகம் கூடும் என்பது அவர் கட்சி.

"உங்க தொப்பையையும் கழட்டி வெச்சிருங்க சார். இன்னும் பறக்கும்."

டேஷ்போர்டுக்குக் கீழே மட்டும் அவள் அவரைக் கைவைக்க விடவில்லை.

பந்தயத்தன்று வெயில் மண்டையைப் பிளந்தது. முதல் மூன்று மணி நேரம் குணவதி ஓட்டினாள். எல்லோரும் அவளை முந்திப் போனார்கள். "மாட்டு வண்டிகூட இதைவிட வேகமாப் போகும்" என்று திருவேங்கடம் பந்தயப் பாதையின் சுவரோரம் நின்று பல்லைக் கடித்தார்.

அவள் தொப்பலாக நனைந்து இறங்கினாள்.

"சூடு காட்டுற ஊசி?"

"அசையவே இல்லைங்க. அப்படியே ஓட்டுங்க."

ஏறி உட்கார்ந்தார். காலடியில் அனல் அடித்தது. குனிந்து பார்த்தார். ஹீட்டர்! கோயமுத்தூரில், பங்குனி வெயிலில்! மறந்துபோய்த் தட்டிவிட்டிருப்பாள், பாவம் என்று அணைத்தார். கால் குளிர்ந்தது. இரண்டு கார்களை முந்தினார். விசிலடித்தார்.

இருபது நிமிடம் போனது. ஊசி சிவப்பைத் தொட்டது. இரண்டு வருடமும் மூக்கில் ஏறிய அதே கருகல் வாடை வந்தது.

சுவரோரம் குணவதி ஒரு சிலேட்டைத் தூக்கிப் பிடித்திருந்தாள். சாக்பீஸால் ஒரே வார்த்தை: ஹீட்டர்.

போட்டார். அடுப்புக்குள் காலை விட்ட மாதிரி இருந்தது. ஊசி யோசித்தது. ஒரு கோடு இறங்கியது. இன்னொரு கோடும் இறங்கியது. மிச்ச நேரம் முழுக்க "ஐயோ, அம்மா" என்று அலறிக்கொண்டே ஓட்டினார். வெளியே இருந்தவர்கள் உற்சாகத்தில் கத்துகிறார் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

ஆறு மணி நேரம் முடிந்து கட்டம் போட்ட கொடி இறங்கியது. இருபது காரில் பதினெட்டாவது! திருவேங்கடம் பூட்ஸைக் கழற்றி வீசிவிட்டு வெறுங்காலோடு குதித்தார், தெரியாதவர்களையெல்லாம் கட்டிப்பிடித்தார், மனைவிக்கு போன் போட்டு "நிக்கலடி, நிக்கவே இல்ல!" என்று கத்தினார்.

குணவதி வாளித் தண்ணீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வந்து விழுந்தார்.

"ஹீட்டர் எப்படி அம்மணி வண்டியைக் காப்பாத்துச்சு?"

"எஞ்சினோட வெந்நீர்தானுங்க அதுக்குள்ள சுத்துது. அங்க இருக்கற சூட்டை நம்ம பக்கம் ஊதிவிடும். அவ்வளவுதான்."

"சரி. ஆனா நீங்க ஓட்டினப்ப வண்டி சூடே ஆகலையே? என் கைக்கு வந்தப்புறம்தானே ஆச்சு?"

குணவதி வாளியிலிருந்து காலை எடுத்தாள். பாதம் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன.

"அப்பவும் ஆச்சுங்க சார். நான் வாங்கிக்கிட்டேன்."