தண்ணி என்ன நிறம், அக்கா?

"மழைக்கு முன்னால வந்தவ நான். இப்போ பனியும் விழ ஆரம்பிச்சாச்சு. இன்னும் நீ எனக்கு ஒண்ணும் சொல்லித் தரல," என்றாள் தாசம்மை.

பின்னால் இருந்து பிலோமி துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கேள்வி மட்டும் கேக்கிற."

"ஆமா."

"எனக்குக் கேள்வி வேண்டாம் ஆசானே. பதில் வேணும்."

பிலோமி துடுப்பை நிறுத்தினாள். படகு கொஞ்ச தூரம் தானாக வழுக்கிப் போய் நின்றது.

"தண்ணி என்ன நிறம், அக்கா?" என்று கேட்டாள்.

*

தாசம்மை ஒரு பெண்கள் விடுதியின் சமையலறையை ஆண்டவள். அடுப்புக்கும் அண்டாவுக்கும் நடுவில் நின்று குரல் கொடுத்தே ஐம்பத்தாறு வயது வரை ஓட்டியவள். ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அவள் ஒருத்திதான். ஒரு பிடி அரிசி போதும். அது வெந்தபிறகு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

உட்கார்ந்தால் எழுந்துவிடுவாள். எழுந்தபிறகு எதற்கு எழுந்தோம் என்று நிற்பாள். மாதா கோயிலில் முழங்கால் போட்டுக் கண்ணை மூடினால் அண்டா கொதித்தது.

ஒருநாள் காலையில் ஆற்றுப் பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தாள். கீழே, நடு ஆற்றில், நீளமான ஒரு சின்னப் படகில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். விரலில் தூண்டில் நூல். பஸ் போனது, பாலம் அதிர்ந்தது. அவள் நிமிரவில்லை. வெயில் ஏறியது. அப்போதும் அப்படியே இருந்தாள். பக்கத்தில் மீன் துள்ளியபோது மட்டும் தலையை லேசாகச் சாய்த்தாள்.

தாசம்மை கரைக்கு இறங்கிப் போய்க் காத்திருந்தாள். படகு வந்தது.

"உன்னை மாதிரி உக்காந்திருக்க எனக்குச் சொல்லித் தருவியா?"

பிலோமி அவளைவிட மிகவும் இளையவள். அந்த ஆற்றில் மீன் பிடித்து, சந்தி முக்கில் வைத்து விற்றுச் சாப்பிடுகிறவள். படகு, மூடிப்போன ஒரு சுற்றுலாப் படகுத்துறையிலிருந்து மலிவாக வாங்கியது. கயாக் என்று அதற்குப் பெயர். ஊரில் பிளாஸ்டிக் வள்ளம் என்றார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இரண்டு பேர் இருக்கலாம்.

பிலோமி குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"முன்னால ஏறி உக்காருங்க," என்றாள்.

அன்றிலிருந்து தாசம்மை அவளை ஆசான் என்று கூப்பிட்டாள். முதலில் அதில் கேலி இருந்தது. சில நாளில் கேலி போய்விட்டது, பேர் நிலைத்துவிட்டது.

*

அந்த இடத்தில் ஆறு பாதி கடல். நாளுக்கு இருமுறை கடல் உள்ளே ஏறி வரும். இருமுறை வற்றி இறங்கும். ஏறும்போது மீன் அலையாத்திச் செடிகளின் வேருக்குள் போய் மேயும். வற்றும்போது பள்ளத்துக்கு இறங்கும். எங்கே நிற்பது, எப்போது நூலை விடுவது என்பதெல்லாம் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

இதை பிலோமி சொல்லவில்லை. பிலோமி கேட்டாள்.

"நுரை எந்தப் பக்கமா ஓடுது, அக்கா?"

"கொக்கு எங்க நிக்குது?"

"வேரு எவ்வளவு வெளிய தெரியுது?"

தாசம்மை பார்த்துச் சொல்வாள். சரி என்றோ தப்பு என்றோ பதில் வராது. துடுப்பு மட்டும் திரும்பும். படகு போகும்.

பெரும்பாலும் மீன் இருந்தது.

தாசம்மை விடுதிக்காரி. தன் கீழ் வேலை பார்த்தவர்களிடம் உப்பைப் பார், உலையைப் பார் என்று அவள் சொல்லியிருக்கிறாள். நீ என்ன நினைக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இந்தப் பெண் பதிலைக் கையில் மூடி வைத்துக்கொண்டு தன்னைச் சோதிக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது. மதிப்பாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

எரிச்சல் முற்றிய ஒரு நாளில் பொய் சொன்னாள்.

மேலே மலையில் மழை பெய்து ஆறு செம்மண்ணாக வந்துகொண்டிருந்த காலை அது. கிழக்குக் கரையோரம் சட்டியில் கரைத்த புளி மாதிரி கலங்கிக் கிடந்தது.

"கிழக்க தண்ணி எப்படி, அக்கா?"

"கண்ணாடி மாதிரி கிடக்கு," என்றாள் தாசம்மை.

ஆசான் சிரிப்பாள், அல்லது திட்டுவாள், எதுவானாலும் பதில் என்று ஒன்று வரும் என்று காத்திருந்தாள்.

துடுப்பு திரும்பியது. படகு கலங்கலுக்குள் போய் நின்றது. பிலோமி நூலை விட்டாள். உச்சிவரை அந்தக் கலங்கலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மடவை மீன்கூடக் கடிக்கவில்லை. அன்று சந்தி முக்கில் பிலோமியின் இடம் காலியாகக் கிடந்தது.

இரவு தாசம்மை சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தாள். ஒரு சொல்லும் சொல்லாமல் தன்னை எப்படித் தண்டித்துவிட்டாள் என்று நினைத்தாள். மறுநாளிலிருந்து கண்ணைக் கழுவிக்கொண்டு பார்ப்பதுபோல் பார்த்தாள். உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

*

அமாவாசை கழிந்த ஒரு காலை. தண்ணீர் வேகமாக வற்றிக்கொண்டிருந்தது. பிலோமியின் நூலைப் பெரிய கொடுவா மீன் ஒன்று பிடித்தது.

அது வற்றுகிற தண்ணீரோடு கீழ்நோக்கி ஓடியது. பிலோமி நூலை விட்டும் பிடித்தும் பின்னாலேயே போனாள். படகு பாலத்தைத் தாண்டியது. வளைவைத் தாண்டியது. தாசம்மை விடுதியில் பாயசம் இறக்கிய நாள்போல் சந்தோஷமாக இருந்தாள்.

அப்போது முன்னால் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது.

ஆறு கடலில் விழும் அந்த வாயை ஊரில் பொழி என்பார்கள். வற்றும் தண்ணீர் வெளியே பாய, கடல்காற்று உள்ளே தள்ள, இரண்டும் மோதி அந்த இடத்தில் அலை சுவர் மாதிரி எழும்பும். எஞ்சின் வைத்த வள்ளங்களே அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போகாது.

ஆசானுக்குத் தெரியும், சரியான நேரத்தில் திருப்புவாள் என்று தாசம்மை சும்மா இருந்தாள்.

படகு திரும்பவில்லை.

வலை கட்ட நட்ட மரக் கம்பு ஒன்று நேரே வந்தது. தாசம்மை வாயைத் திறப்பதற்குள் படகு அதில் உரசிச் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே புகுந்தது.

தாசம்மை திரும்பிப் பார்த்தாள்.

பிலோமியின் கண்கள் திறந்திருந்தன. அலை வலப்பக்கம் எழும்பிக்கொண்டிருந்தது. அவள் இடப்பக்கத்து வெறும் மணலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சத்தம் எல்லாப் பக்கமும் கேக்குது. பொழி எங்க?"

துடுப்பு எந்தப் பக்கமும் போகாமல் அந்தரத்தில் நின்றது.

அது சோதனை இல்லை என்று தாசம்மைக்குப் புரிந்தது. அதுவரை கேட்ட எதுவுமே சோதனை இல்லை என்றும் புரிந்தது.

"நூல அறு," என்றாள்.

பிலோமி அறுத்தாள்.

"இடது பக்கமா திருப்பு. போடு. இன்னும். விடாத. முன்னால கம்பு ஒண்ணு இருக்கு, ரெண்டு முழம், இப்ப வலது. சரி. இனி நேரா. நேரா. நான் நிறுத்தச் சொல்றவரை நிறுத்தாத."

நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறு வடித்த குரல் அது. ஓய்வு பெற்ற பிறகு அன்றுதான் முழுசாக வெளியே வந்தது. பிலோமி அந்தக் குரல் சொன்ன இடத்துக்கெல்லாம் துடுப்பைப் போட்டாள்.

அலையாத்தி வேர்களுக்குள் படகு போய்ச் செருகிக்கொண்டது.

*

இருவருக்கும் மூச்சு அடங்க நேரம் பிடித்தது. தாசம்மை கைப்பிடியாக ஒரு வேரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டாள்.

"நீங்க வர்றதுக்கு முன்னாலயே. முதல்ல நிறம் போச்சு. இப்போ எல்லாம் புகைக்குள்ள இருக்கிற மாதிரி."

"டாக்டர்?"

"நாகர்கோவில்ல பாத்தாச்சு. நரம்புக் கேடாம். இருக்கிறது போகாம இருக்க மருந்து தந்திருக்கு. போனது வராது."

"காத்தப் பத்தி மட்டும் நீ ஒருநாளும் கேட்டதில்ல."

"அது கன்னத்துல படுதே, அக்கா. அத எதுக்குக் கேக்கணும்."

தாசம்மை குனிந்து படகுக்குள் நின்ற தண்ணீரைக் கையால் அள்ளி வெளியே விட்டாள். கொஞ்ச நேரம் அதையே செய்தாள்.

"அன்னைக்கு கிழக்க தெளிஞ்சு கிடக்குன்னு சொன்னேன். பொய்யி."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"வீட்டுக்குப் போய் நூலத் தடவினேன். பூரா சேறு."

"மறுநாள் ஏன் என்கிட்ட கேக்கல?"

பிலோமி முகத்தைத் துடைத்தாள்.

"கேட்டா வராம இருந்திருவியளோன்னு."

தாசம்மையால் அதற்கு மேல் தண்ணீர் அள்ள முடியவில்லை.

"நான் உன்னை ஆசான்னு கூப்பிட்டேன்," என்றாள். "நீயும் கூப்பிட விட்டுட்ட."

"கேக்க நல்லா இருந்துது, அக்கா."

*

மறுநாள் காலையில் படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. பிலோமி அதன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணன்கிட்ட இன்னைக்குச் சொல்லப்போறேன்," என்றாள். "வள்ளத்த எடுத்திருவான். கோவத்துல இல்ல, பாசத்துலதான். வீட்டுக்குள்ள உக்காத்தி வச்சு சோறு போடுவான். ரொம்ப நல்லவன்."

"நீ என்ன செய்யப்போற?"

"சாப்பிடுவேன்."

தாசம்மை சேலையைத் தூக்கிச் செருகினாள். படகின் ஒரு முனையைப் பிடித்துப் புரட்டினாள். அது அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"சாயங்காலம் சொல்லு. நானும் கூட வாறேன். நேத்து எப்படித் திரும்பி வந்தோம்னு அவன்கிட்ட நான் சொல்றேன். இப்போ தண்ணி ஏறுது. இந்தப் பக்கம் பிடி."

பிலோமி எழுந்திருக்கவில்லை.

"பயமா இருக்கு, அக்கா."

"எனக்கு மட்டும் என்ன? பிடி."

பிலோமி கையை நீட்டித் தேடி மறுமுனையைப் பிடித்தாள்.

தாசம்மை முன்னால் உட்கார்ந்தாள். பிலோமி பின்னால். நடு ஆற்றுக்கு வந்ததும் துடுப்பு நின்றது.

தாசம்மை கேள்விக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை. முதுகுக்குப் பின்னால் மூச்சு மட்டும் கேட்டது. இனிமேல் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருக்கிறது என்று தாசம்மைக்குப் புரிந்தது. இதுநாள் வரை அவள் கேட்க, தான் சொன்னதுதான் வழக்கம். கேட்காமல் சொல்வது எப்படி என்று ஒரு கணம் தெரியவில்லை.

பிறகு சொன்னாள்.

"தண்ணி பச்சை. வாழையிலைக்கு அடிப்பக்கம் இருக்குமே, அந்த வெளிறின பச்சை. கரையோரம் மட்டும் பால் ஊத்தாத கட்டஞ்சாயா நிறம். நுரை மேல பாத்து ஓடுது, அவசரமில்லாம. வேரு பாதி முங்கியாச்சு."

"ம்."

"பனி இன்னும் போகல. பால்மேல ஆடை படியுமே, அந்த மாதிரி ஆத்துமேல கிடக்கு. வெயில் பட்ட இடத்துல கிழியுது. கிழிஞ்ச இடத்துல தண்ணி வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னுது."

பிலோமியின் துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஒரு கொக்கு ஒத்தக் காலத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்குது. அத எங்க வைக்கன்னு யோசிக்குது. இப்போ வச்சிட்டுது. பாலத்துல ஒரு புள்ள சைக்கிள நிறுத்திட்டு நம்மளப் பாக்குது. சிவப்பு ரிப்பன். ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்குது, அதுக்குத் தெரியல. தென்னை எல்லாம் தலைகீழா ஆத்துக்குள்ள நிக்குது. ஒரு மீன் துள்ளினா அத்தன தென்னையும் ஆடுது."

"அக்கா."

"என்ன?"

"இது ஒண்ணும் மீன் பிடிக்க வேண்டாமே."

"மீனுக்கா சொன்னேன்?"

பிலோமி துடுப்பை எடுத்து மடிமேல் குறுக்காக வைத்தாள்.

"அப்போ முதல்ல இருந்து சொல்லுங்க," என்றாள். "மெதுவா."