பார்க்காமல் கொடுத்த பந்து

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு முப்பத்தாறு.

இதில் கணக்குப் பிழை இல்லை. ஆலமரத்தடியில் இளைஞராக அமர்ந்து கிழவர்களுக்குப் போதிக்கும் குரு ஒருவரைச் சிவன் கோயில்களின் தெற்குச் சுவரில் இன்றும் பார்க்கலாம். அவர் பேசாமல் போதிப்பார். புஷ்பலீலா விசில் ஊதிப் போதிப்பார்.

புஷ்பலீலா மலேசியாவில் ஒரு தமிழ்ப்பள்ளியின் விளையாட்டு ஆசிரியை. பள்ளி விட்டபின் தெராத்தை என்ற சிற்றூரின் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த அணி மூன்றாம் நிலை லீக்கில் இருந்தது. நான்காம் நிலை என்று ஒன்று இல்லாததால் அங்கேயே இருந்தது. அணியில் மலாய்க்காரர், சீனர், தமிழர், நைஜீரியாவிலிருந்து வந்த கோல்கீப்பர் என எல்லோரும் அவரை 'டீச்சர்' என்றே கூப்பிட்டார்கள்.

சீடர் கிளீட்டஸ், கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர். பதினான்கு வருடங்களில் ஒன்பது அணிகளுக்கு ஆடியவர். மாலத்தீவு, பூட்டான், கம்போடியா, ஓமான் என்று போய்க்கொண்டே இருந்தார். எங்கும் முதல் நிலை அணி இல்லை. ஓரிடத்தில் அணி கலைந்தது. ஓரிடத்தில் மைதானத்தையே ஆறு கொண்டுபோயிற்று. தெராத்தை ஒன்பதாவது. எட்டாவது, முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த பெலாங்கி.

தவறு நடந்தது பெலாங்கியுடன் மோதிய ஞாயிற்றுக்கிழமை.

எண்பத்திரண்டாம் நிமிடம். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. நடுமைதானத்தில் கிளீட்டஸிடம் பந்து வந்தது. அவர் தலையைத் தூக்காமலே அதை இடப்பக்கம் தட்டினார். அந்த இடத்தில் ஹக்கிம் இருப்பான். போன வருடம் முழுவதும் இருந்தான். அன்றும் இருந்தான். ஆனால் போன வருடம் இருவருக்கும் ஒரே நிறச் சட்டை, பெலாங்கியின் சட்டை.

பழக்கம் ஹக்கிமுக்கும் உண்டு. பந்து வந்ததும் ஓடினான், உதைத்தான், கோல். உடனே திரும்பி, போன வருடம் செய்ததைப் போலவே, கிளீட்டஸைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான்.

அதன் பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

யாரோ அந்தக் கட்டைவிரலைக் கைப்பேசியில் பிடித்திருந்தார்கள். மாலைக்குள் ஊர் முழுக்கப் பார்த்தாகிவிட்டது.

"ஆட்டத்த வித்துட்டான் லா," என்றார் அணியை நடத்தும் சங்கத்தின் தலைவர் லெட்சுமணன். அவர் லாரிப் பட்டறை வைத்திருப்பவர். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லக்கூடியவர் என்று பெயர். "வித்தவனுக்கு நன்றி சொல்றான் பாரு, வெரல தூக்கி. லீக்குக்கு எழுதிடறேன். புதன்கிழமை கடிதம் போயிடும்."

கடிதம் போனால் விசாரணை வரும், தடை வரும். தடை எல்லா நாடுகளிலும் செல்லும். பத்தாவது அணி என்று ஒன்று இருக்காது. ஊருக்குப் போனாலும் ஆட்டத்தை விற்றவன் என்ற பெயரோடுதான் போய் இறங்க வேண்டும்.

திங்கட்கிழமை மாலை புஷ்பலீலா பந்துகளை வலைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். கிளீட்டஸ் வந்து நின்றார்.

"டீச்சர், நான் விக்கல்ல."

"தெரியும்ணே."

"எப்படித் தெரியும்?"

"விக்கிறவங்க தப்பு மாதிரி தெரியணும்னு குடுப்பாங்க. கொஞ்சம் வழுக்கி, கொஞ்சம் தடுமாறி. நீங்க குடுத்தது இந்த சீசன்லயே நல்ல பாஸ்."

இதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதா என்று கிளீட்டஸுக்கு விளங்கவில்லை.

"பின்ன ஏன் அவனுக்குக் குடுத்தேன்? எனக்கே தெரியல்லயே. டீச்சர், நான் யாருக்காக ஆடுதேன்?"

புஷ்பலீலா பையின் கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

"உங்க பழைய ஆட்டமெல்லாம் வீடியோவா இருக்காண்ணே?"

"இருக்கு. என் மச்சினன் ஒருத்தன் ஒண்ணு விடாம யூடியூபுல ஏத்தி வச்சிருக்கான். மொத்தம் நாப்பது பேரு பாத்திருக்கு."

"நாப்பத்தொண்ணு ஆகட்டும்," என்று சொல்லிவிட்டு அவர் ஸ்கூட்டரை எடுத்தார்.

புதன்கிழமை பள்ளி விட்டதும் லெட்சுமணன் மைதானத்துக்கு வரவழைக்கப்பட்டார். கடிதம் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. மைதானத்தின் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. அதைச் சுற்றி, ஒழுங்கே இல்லாத தூரங்களில், நான்கு ஆரஞ்சு நிறக் கூம்புகள். மற்ற ஆட்டக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார்கள்.

"என்ன டீச்சர் இது, சர்க்கஸா?"

"உக்காருங்க தலைவரே. தே தாரிக் சொல்லியிருக்கேன்."

புஷ்பலீலா அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். பழைய வீடியோக்களில் எந்த ஊரில் பந்து எங்கே போயிற்றோ அங்கே ஒரு கூம்பு; எந்தக் கூம்பு எந்த ஊர் என்று அதில் படம் போட்டு எழுதியிருந்தது. கிளீட்டஸுக்கு அதைக் காட்டவில்லை. அவரைப் புள்ளியில் நிற்க வைத்தார்.

"நான் பந்த உருட்டுவேன்ணே. கால்ல படுற நேரத்துல ஒரு பேரு சொல்வேன். ஒடனே குடுத்துடணும்."

"யாருக்கு?"

"யோசிக்கக் கூடாது."

பந்து உருண்டு வந்தது.

"மாலே!"

பந்து வலப்பக்கக் கூம்பை உரசிக்கொண்டு போயிற்று. லெட்சுமணன் தாளைப் பார்த்தார்.

"திம்பு!"

பந்து உயர்ந்து, தலைகளைத் தாண்டி, தொலைவில் தனியாக நின்ற கூம்பின் அருகே விழுந்தது. லெட்சுமணன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"புனோம் பென்!"

குதிகாலால் பின்பக்கம். கூம்பு.

"பெலாங்கி!"

இடப்பக்கம். கூம்பு உருண்டே விழுந்தது.

வரிசையை மாற்றிச் சொன்னார். கால் மாறவில்லை. கிளீட்டஸ் தன் காலைக் குனிந்து பார்த்தார், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்ப்பதைப் போல.

"நடிக்கலாமே," என்றார் லெட்சுமணன். குரலில் முந்தைய உறுதி இல்லை.

"அந்தத் திம்புக் கூம்பு ஏன் அவ்வளவு தூரத்துல நிக்குதுன்னு அவரையே கேளுங்க."

"ஏன்?"

"தெரியல்ல தலைவரே. நான் வரும்போதே இருந்துது." கிளீட்டஸ் நெற்றியைச் சுருக்கினார். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது. "அங்கதான் டோர்ஜி நிப்பான். திம்புல. எவ்வளவு சொன்னாலும் கிட்ட வரவே மாட்டான். அவன் நல்லா இருக்கானோ என்னவோ!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லெட்சுமணன் சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளை மடித்தார்.

"ஒரு பேரு நான் சொல்லலாமா?"

"சொல்லுங்க."

புஷ்பலீலா பந்தை உருட்டினார். அது கிளீட்டஸின் காலைத் தொட்ட நேரத்தில் லெட்சுமணன் பட்டறையில் கத்துவதைப் போலக் கத்தினார்:

"தெராத்தை!"

கால் பந்தின்மேல் நின்றது.

கிளீட்டஸ் தலையைத் தூக்கினார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். தொலைவில் ஃபிர்தவுஸ் என்ற ஆட்டக்காரன், இந்த வேடிக்கை முடிவதாயில்லை என்று நினைத்தோ என்னவோ, தண்ணீர் போத்தலைத் தேடி ஓரமாக ஓடிக்கொண்டிருந்தான். பந்து புறப்பட்டது. ஓட்டம் குறையாமல் அவன் காலடியில் போய்ச் சேர்ந்தது. அங்கே கூம்பு எதுவும் இல்லை.

"நம்ம பேருக்கு மட்டும் முழிக்கிறாரே," என்றார் லெட்சுமணன்.

"முழிக்கல தலைவரே. பாக்குறாரு."

ஆற்றி நுரை பொங்கிய தே தாரிக் டீ வந்தது. லெட்சுமணன் நுரை அடங்கும்வரை காத்திருந்து, ஊதி ஊதிக் குடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். பட்டறைக்காரர் ஆகையால் கிழித்த தாளை வீணாக்காமல் அதில் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம ஆடுவாருல்ல?" என்று டீச்சரிடம் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் கிளீட்டஸிடம் போய் அவர் தோளில் ஒரு தட்டு தட்டினார். "அந்த ஹக்கிம் பையன் பக்கம் மட்டும் போகாதீங்க லா."

லாரி புறப்படும் சத்தம் கேட்டது. கிளீட்டஸ் இருந்த இடத்திலேயே புல்லில் உட்கார்ந்தார். பிறகு மல்லாந்து படுத்தார். மூன்று நாளில் முதன்முறையாக அவருக்குப் பசித்தது. கோல்கீப்பரிடம் கேட்டு இரண்டு வாழைப்பழம் வாங்கி, படுத்தபடியே தின்றார்.

மற்றவர்கள் போன பிறகு எழுந்து உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணே."

"மாலேல ரெண்டு மாசத்துல பழகிச்சு. திம்புல மூணு. இங்க வந்து ஏழு மாசம் ஆச்சு. நம்ம டீமுக்கு என் காலு எப்பத்தான் பழகும்?"

புஷ்பலீலா கூம்புகளைப் பொறுக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"பழகிட்டா சொல்லுங்கண்ணே. அன்னைக்கு உங்கள வெளிய உக்கார வைக்கிறேன்."