அக்கரைப் பனி

"இந்த ஆறு சரிவராது ரீச்சர். நான் வடக்கே போகப்போறன்."

விடியற்காலையில் ஆற்றங்கரைக்கு வந்ததும் வராததுமாகத் தவநேசன் சொன்னார். படம் வரையும் பலகையைத் தோளில் இருந்து இறக்கக்கூட இல்லை.

அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவருக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கும் ரீச்சர் அபிராவுக்கு முப்பதுதான். இங்கே நோர்வேயிலேயே பிறந்து, ஆற்றங்கரையில் உட்கார்ந்து நீர்வண்ணம் தீட்டுகிறவர்.

"ஆறு என்ன செய்தது, அண்ணை?"

"மூடுபனி காணாது. இந்த நாட்டுப் பழைய ஓவியங்களில ஆறும் மரமும் பனிக்குள்ள கரைஞ்சு கிடக்குமே, அப்பிடி ஒண்டு கீறவேணும். நாலு ஊர் மாறியிட்டன். எங்கையும் கிடைக்கேல்லை."

"வீட்டில என்ன சொல்லினம்?"

தவநேசன் கொஞ்சம் அங்குமிங்கும் நடந்தார்.

"மகள் இந்தமுறை வரமாட்டாளாம். சிநேகிதி வீட்டில நிண்டு படிக்கப்போறாளாம். நீங்கள் போங்கோ அப்பா எண்டுறாள்."

சொல்லும்போது குரல் உடைந்தது. அதை மறைக்க இருமினார். நல்ல இருமல்கூட இல்லை.

"அப்பிடியும் போறியளோ?"

"போகாட்டி என்ரை படம் வராது. அங்கை பாருங்கோ, அக்கரையில எப்பிடி அடர்த்தியாக் கிடக்கு! இஞ்சை வெறுங்கரை."

"அப்ப அங்கை போய்க் கீறுங்கோ."

அபிரா தன் சிறு படகைக் காட்டினார்.

தவநேசன் அவசர அவசரமாகத் துடுப்புப் போட்டு அக்கரை சேர்ந்தார். ஏறி நின்று சுற்றிப் பார்த்தார். பக்கத்து மரத்தின் இலைகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன. பனி அங்கே இல்லை.

திரும்பிப் பார்த்தார். விட்டு வந்த கரை பனிக்குள் மூழ்கிக் கிடந்தது. ரீச்சரைக் காணவில்லை.

அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கோடுகூடப் போடாமல் படகைத் திருப்பினார்.

வந்து இறங்கினால் இங்கே மறுபடியும் வெறுங்கரை.

"பாத்தியளோ ரீச்சர், என்னோடை விளையாடுது! நான் போற இடத்தில மட்டும் இல்லை!"

அபிரா தூரிகையை வைத்துவிட்டு, தாளை அவர் பக்கம் திருப்பினார். அதில் ஆறு பனிக்குள் கரைந்து போயிருந்தது. அக்கரையில் சாம்பல் நிறத்தில், ஆள் நிற்பதுபோல ஒரு மெல்லிய தீற்றல்.

இத்தனை ஊர் அலைந்து அவர் தேடிய படம் அதுதான். தவநேசன் குனிந்து அதை உற்றுப் பார்த்தார்.

"இது ஆர், பனிக்குள்ள நிக்கிறது?"

"நீங்கள்தான்."

"பொய். நான் நிண்ட இடத்தில ஒரு பொட்டுப் பனியும் இல்லை."

அபிரா வாதாடவில்லை. தூரிகை கழுவும் கிண்ணத்தை ஆற்றோரம் கவிழ்த்துக் காலியாக்கினார். பிறகு அதை அவர் முன் நீட்டினார்.

"தலையில கிடக்கிற கம்பளித் தொப்பியைக் கழட்டிப் பிழியுங்கோ."

"என்னத்துக்கு?"

"பிழியுங்கோ அண்ணை."

சலித்துக்கொண்டே கழற்றி முறுக்கினார். கிண்ணத்துக்குள் தண்ணீர் சொட்டியது.

தவநேசன் வானத்தைப் பார்த்தார். மழை பெய்திருக்கவில்லை. தலைமயிரைத் தடவினார். புருவத்தைத் தடவினார். எல்லாம் நனைந்திருந்தன.

அபிரா அந்தத் தண்ணீரில் தூரிகையைத் தோய்த்து அவரிடம் கொடுத்தார்.

அவர் அதை வாங்கவில்லை. தோளில் இருந்த பலகையை மெல்ல இறக்கிக் கீழே வைத்தார்.

"ரீச்சர்," என்றார். "வீட்டில மகள் இப்ப எழும்பியிருப்பாளோ?"