செத்தா குடு

தூத்துக்குடியில் வீடியோ கேம் பெட்டி செய்கிறவள் சுபைதா. தேவசகாயம் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய பட்டறைக்கு வந்து வேலை கற்றுக்கொண்டிருந்தார்.

எல்லாம் தம்பி ரூபனுக்காக. சிறு வயதில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் இருவரும் நின்று ஆடியது மாதிரியே ஒரு பெட்டி. ரூபனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. படுக்கையில் கிடந்தபடி அவன் கேட்பது ஒன்றுதான்.

"முடிஞ்சிட்டாண்ணே?"

எங்கே முடிவது! தேவசகாயம் தேங்காய் வாங்கப் போனாலே கடையிலுள்ள அத்தனையையும் தட்டிப் பார்க்கிற ஆள்.

"டீச்சர், சின்ன போர்டு வைக்கவா, பழைய கம்ப்யூட்டரையே வைக்கவா? திரை எல்இடியா, டப்பா டிவியா?"

சுபைதா ஒரு ப்ளைவுட் பலகையை மேசையில் போட்டாள். மூலையில் கிடந்த ஒரு போர்டு, யாரோ கழித்துப்போட்ட ஜாய்ஸ்டிக், நாலு பட்டன், ஓரம் கீறிய திரை. டீ ஆறுவதற்குள் எல்லாவற்றையும் அதில் பொருத்தி ஆட்டத்தை ஓடவிட்டாள்.

"எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி."

தேவசகாயம் ஆடிப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"பட்டன அமுக்குனா குட்டி மனுசன் கொஞ்சம் லேட்டா குதிக்கான் டீச்சர். ரூபன் கண்டுபிடிச்சிருவான்."

"கண்டுபிடிக்கட்டும்."

"ஒரு ஸ்டிக்தான இருக்கு?"

"அன்னைக்குக் கடையில எத்தன இருந்துச்சு?"

"ஒண்ணுதான். மாத்தி மாத்தி ஆடுவோம். ஆடுறவன் அவுட் ஆனா ஸ்டிக்க மத்தவன்ட்ட குடுத்துரணும். அதான் சட்டம். 'செத்தா குடு, செத்தா குடு'ன்னு என் சட்டையப் பிடிச்சு இழுத்துக்கிட்டே நிப்பான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பட்டறையில் அவர் சிரித்தது அதுதான் கடைசி.

"அப்ப இது போதாதா?"

"தம்பிக்குச் செய்யது டீச்சர். அரைகுறையா குடுக்க மனசு வரல."

சுபைதா பலகையைப் பரணில் ஏற்றினாள்.

சென்னையிலிருந்து ஒரு ஜாய்ஸ்டிக் வரவழைத்தார். இறுக்கம் அதிகம் என்று திருப்பி அனுப்பினார். அடுத்தது தொளதொளவென்றிருந்தது. டப்பா டிவி கிடைத்தது, அதற்கு ஏற்ற போர்டு கிடைக்கவில்லை. இதற்குள் ரூபன் குரல் தேய்ந்துபோய், கேட்பதையே நிறுத்திவிட்டான். கேட்காதது நல்லதாய்ப் போயிற்று என்றுகூட நினைத்தார் தேவசகாயம். பாவி மனுஷன்.

கடைசிப் பார்சல் வீட்டுக்கு வந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, அந்தப் பார்சலைப் பிரிக்காமலே கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"கடைசிச் சாமானும் வந்துட்டு டீச்சர். ஒரு கொற கெடையாது. இனி யாருக்கு? நீங்களே வச்சுக்குங்க."

சுபைதா பார்சலைத் தொடவில்லை. பரணிலிருந்து பலகையை இறக்கினாள். தூசி துடைத்து சுவிட்சைப் போட்டாள். கீறல் விழுந்த திரையில் அந்தக் குட்டி மனிதன் மினுங்கிக்கொண்டு நின்றான். பலகையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

தேவசகாயம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இது அவன் ஆட வேண்டியது டீச்சர். நான் எப்படித் தொடுவேன்?"

"உங்க ஆட்டத்துக்கு ஒரு சட்டம் சொன்னீங்களே, அண்ணாச்சி."

அவர் வாய் திறந்தது. அந்த இரண்டு வார்த்தை வெளியே வரவில்லை.

சுபைதா ஜாய்ஸ்டிக்கை இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்த்தினாள்.

"அவரு குடுத்துட்டாரு. வாங்கிக்குங்க."