விமானத்து வாலைப் பிடிச்ச ஊரு

ஒரு ஊர்ல ஒரு குட்டி விமானம் இருந்துச்சாம். பேரு தத்துக்கிளி. பெரிய விமானமெல்லாம் எறங்குறதுக்கு நீட்டு நீட்டா ரோடு கேக்கும். இதுக்கு ஒரு களத்துமேடு போதும். தொப்புன்னு குதிக்கும், கல்லு முள்ளு மேல தடதடதடன்னு ஓடும், கப்புன்னு நின்னுடும். "ம்" சொல்லு தேனு, அப்பத்தான் பெரியம்மாவுக்குக் கதை வரும்.

யாரு ஓட்டுனாங்களா? கதைல அதுவே ஓடும். நடுவுல கேள்வி கேட்டா எந்திரிச்சுப் போயிடுவேன்.

அப்போ, மலை மேல ஒரு ஊர்ல பேச்சியம்மான்னு ஒரு நிறைமாசக்காரி. வலி எடுத்துடுச்சு, புள்ள குறுக்க கெடக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னா ரெண்டு உசுருக்கும் ஆபத்து. ரோட்டையோ மழை அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. அப்புறம் என்ன, தத்துக்கிளி கிர்ர்ர்ருன்னு வந்து, ஆடு மேயுற மேட்டுல எறங்குச்சு. ஆடெல்லாம் மே மேன்னு சிதறி ஓடுச்சு.

பேச்சியம்மாவ ஏத்தியாச்சு. ஆனா மேடு இத்துனூண்டு, அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம். அப்போ தத்துக்கிளி சொல்லுச்சாம், "எல்லாரும் என் வாலக் கெட்டியா பிடிச்சுக்கோங்க. நான் நல்லா உறுமிட்டு விடச் சொல்வேன். அப்போ விடுங்க, ஒரே தாவா தாவிடுவேன்."

ஊரே வாலப் பிடிச்சுது. கிர்ர்ர்... கிர்ர்ர்ர்ர்ருன்னு உறுமி, "விடுங்க"ன்னுச்சு.

யாரும் விடல. மாமியாக்காரி ஒச்சாயி, "சொல்லாமக் கொள்ளாமலா கெளம்புறது?"ன்னா.

"சரி, போறேன்."

அவ்ளோதான், எல்லாரும் இன்னும் இறுக்கிப் பிடிச்சாங்க. "நிறைமாசக்காரிய வச்சுக்கிட்டுப் போறேங்குது பாரு. இது வாய்ல நல்ல வார்த்தையே வராதா?"

தத்துக்கிளிக்கு ஒண்ணும் புரியல. எண்ணெய் வேற தீருது. உள்ள இருந்த பேச்சியம்மாவுக்கு அழுகையே வந்துடுச்சு. பல்லக் கடிச்சுக்கிட்டு, "போயிட்டு வரேன்னு சொல்லித் தொலையேன்"னா.

"போயிட்டு வரேன்."

"நல்லபடியா போயிட்டு வா"ன்னு எல்லாரும் ஒண்ணா விட்டாங்க. விசுக்! பள்ளத்துக்கு மேல ஒரே தாவு. வாலப் பிடிச்சவங்க பூராம் பொத்து பொத்துன்னு மல்லாந்துட்டாங்க.

அப்புறம், சொன்ன மாதிரியே வந்துச்சு. போனப்போ பேச்சியம்மா ஒருத்தி, வந்தப்போ மடில ஒரு பொம்பளப் புள்ள, வீல் வீல்னு. ஒச்சாயி தத்துக்கிளி வாலத் தடவிக் குடுத்தா.

கதையும் தரையிறங்கிடுச்சு, நீயும் கண்ண மூடு. நான் போறேன்.

ஏண்டி, முந்தானைய விடு. விடுடி, அடுப்புல பால் இருக்கு.

ஓ... சரி சரி. போயிட்டு வரேன்.